காயிலில் இரண்டு முனை: எந்த வயரை எதில் மாட்டுவது?



'பொறி' என்ற சொல்லுக்குத் தமிழில் இயந்திரம் என்றும் பொருள் உண்டு, நெருப்புத் துளி என்றும் பொருள் உண்டு. இந்த இரண்டு பொருளும் ஒரே இடத்தில் சந்திக்கிறது என்றால் அது பெட்ரோல் என்ஜினில்தான். பொறி பறந்தால்தான் அந்தப் பொறி ஓடும்!

நம்ம ஏரியாக்காரர்களுக்கு நெருப்புப் பொறியைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அன்று முதல் பொறியை விற்றுப் பிழைக்கிற ஊர் நம்முடையது. அதே சமயம் பொறிக்குப் பயந்து வாழ்கிற ஊரும் நம்முடையதுதான். பட்டாசு ஆபீசில் மருந்து அறைக்குள் நுழையும் முன், எர்த் செய்த தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்கிறார்கள். உடம்பில் சேர்ந்திருக்கிற கண்ணுக்குத் தெரியாத மின்சாரம்கூடப் பொறியாகிவிடும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை.

வரக்கூடாத இடத்தில் வருகிற பொறி உயிரை எடுக்கும். வரவேண்டிய இடத்தில் பலமாக வராத பொறி வண்டியை நடுரோட்டில் நிறுத்தும். இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. பழைய பெட்ரோல் கார்களில் இக்னீஷன் காயில் என்று ஒரு டப்பா இருக்கிறதல்லவா? அதன் தலையில் இருக்கிற இரண்டு சின்ன முனைகளில் எந்த வயரை எதில் மாட்டுவது என்பதுதான் விஷயம். இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். மாற்றி மாட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஓடவும் செய்யும். அதுதான் இதில் உள்ள ஆபத்தே!

பழைய கார் நமக்கு எதற்கு?

இன்றைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் காயில். எல்லாம் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு. அப்படியிருக்க, அம்பாசிடர் காலத்துக் காயிலைப் படித்து என்ன லாபம் என்று சிலர் நினைக்கலாம். லாபம் இருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் ஒரு விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டிகளை 'விண்டேஜ்' வாகனமாகத் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு 'வி.ஏ.' என்ற எழுத்து வரும் தனி நம்பர் வரிசை உண்டு. ஆனால் என்ஜின், சேஸிஸ், பாடி எல்லாம் பெரிய மாற்றம் இல்லாமல் பழையபடியே இருக்க வேண்டும். அதாவது பழைய என்ஜினைப் பழைய முறையிலேயே ஓட வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும்! கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரில் அமைந்த கார் மியூசியத்தைப் பார்த்தவர்களுக்கு, இதற்கு எவ்வளவு மதிப்பு என்று தெரியும். பெரிய படிப்பு இல்லாமலே பஸ் ஓட்டி, மோட்டாரைப் பிரித்துப் பார்த்துத் தொழில் கற்றவர் அவர். பிறகு மற்றவர்கள் படிக்க பாலிடெக்னிக் ஏற்படுத்தினார்.

நம்ம பக்கத்திலும் பழைய வீட்டுக் கொட்டகைகளில் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தூசி படிந்து நிற்கும் வண்டிகள் உண்டு. அம்பாசிடர் உற்பத்தி 2014ல் நின்றுவிட்டது. அந்த வண்டிகளைத் தொட்டுப் பழகிய மூத்த மெக்கானிக்குகளுக்கும் வயதாகிறது. அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நம் தலைமுறைதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1980க்குப் பிறகு வந்த அம்பாசிடர்களில் டீசல் வண்டிகள் ஏராளம். டீசல் என்ஜினில் பிளக் பொறியும் இல்லை, இக்னீஷன் காயிலும் இல்லை. நாம் பேசுவது பெட்ரோல் வண்டியைப் பற்றி மட்டும்.

12 வோல்ட் எப்படிப் பல்லாயிரம் வோல்ட் ஆகிறது?

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி குதிக்க வேண்டுமானால் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இந்த வேலையைச் செய்வதுதான் காயில். உள்ளே இரும்புத் தகடுகளால் ஆன ஒரு நடுத்தண்டு. அதைச் சுற்றி இரண்டு சுருள்கள். தடித்த கம்பியில் சில நூறு சுற்று கொண்டது முதன்மைச் சுருள். முடி போன்ற மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று கொண்டது துணைச் சுருள்.

ஃபாரடே 1831ல் கண்டுபிடித்த மின்தூண்டல்தான் இதற்கு அடிப்படை. அதைக் காருக்கு ஏற்ற பேட்டரி இக்னீஷனாக மாற்றியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1910ஆம் வருட மாடல் காடிலாக் காரில் அது வந்தது. அதே அமைப்புதான் சின்னச் சின்ன மாற்றங்களோடு நம்ம அம்பாசிடர் வரைக்கும் ஓடியது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு உதாரணம். போர் மோட்டார் ஓடுகிறது. குழாயில் தண்ணீர் வேகமாகப் போகிறது. வால்வைச் சட்டென்று மூடினால் என்ன ஆகும்? குழாயே 'டங்'கென்று அடிக்கும். ஓடுகிற தண்ணீரைத் திடீரென நிறுத்தியதால் வருகிற அழுத்தம் அது. காயிலிலும் இதே கதைதான். பாயிண்ட் மூடியிருக்கும்போது முதன்மைச் சுருளில் கரண்ட் ஓடி, காந்தப்புலம் உண்டாகிறது. கேம் சுற்றிப் பாயிண்டைத் திறந்ததும் கரண்ட் சட்டென்று நிற்கிறது. காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவில் துணைச் சுருளில் பல ஆயிரம் வோல்ட் எழும்புகிறது. அது ரோட்டார் வழியாக, எந்த சிலிண்டரின் முறையோ அந்தப் பிளக்குக்குப் போகிறது. பாயிண்டில் பொறி பறந்து அது கருகாமலும், கரண்ட் சட்டென்று நிற்கவும் கண்டென்சர் உதவுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. நாலு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின். ஒரு சுற்றுக்கு 2 பொறி. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நிமிடத்துக்கு 6000 பொறி. அதாவது நொடிக்கு 100 பொறி! பாயிண்ட் மூடுவது, கரண்ட் ஏறுவது, பாயிண்ட் திறப்பது, பொறி குதிப்பது எல்லாமே நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் நடந்து முடிய வேண்டும். இவ்வளவு நெருக்கடியில் வேலை செய்கிற பொருளுக்கு நாம் கூடுதல் சுமை கொடுக்கலாமா? கூடாதல்லவா!

பொறிக்கும் திசை உண்டு

இதுதான் கட்டுரையின் மையம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பிளக்கில் இரண்டு மின்முனைகள். நடுமுனையைச் சுற்றிப் பீங்கான் இருப்பதால் அதன் சூடு சீக்கிரம் வெளியேறாது. ஓரமுனை பிளக்கின் இரும்பு உடம்போடு சேர்ந்து என்ஜின் ஹெட்டில் நேராகப் பதிந்திருக்கிறது. ஆகவே ஓடும் என்ஜினில் நடுமுனைதான் அதிகச் சூடாக இருக்கும்.

சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் சுலபமாகக் கிளம்பும். இதை ஆராய்ந்த ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசே கிடைத்தது. எலக்ட்ரான் மைனஸ் பக்கத்திலிருந்து பிளஸ் பக்கம் போகும். எனவே சூடான நடுமுனை மைனஸாக இருந்தால் பொறி குறைந்த வோல்டேஜிலேயே குதித்துவிடும். நடுமுனை பிளஸ் ஆகிவிட்டால், சூடு குறைந்த ஓரமுனையிலிருந்து எலக்ட்ரான் கிளம்ப வேண்டும். அதற்குக் கூடுதல் வோல்டேஜ் தேவை.

பிளக்கின் நடுமுனை பிளஸா மைனஸா என்பதைத் தீர்மானிப்பது யார்? காயிலின் இரண்டு சின்ன முனைகள்தான். முதன்மைச் சுருளில் கரண்ட் எந்தத் திசையில் போகிறதோ, அதைப் பொறுத்துத்தான் துணைச் சுருளின் வோல்டேஜும் அமையும். வயரை மாற்றி மாட்டினால் பொறியின் திசையும் மாறிவிடும்.

அப்படி மாறினால் வண்டி உடனே நின்றுவிடுமா? நிற்காது. காயிலிடம் கையிருப்பு வோல்டேஜ் இருக்கும், சமாளிக்கும். ஆனால் பாயிண்ட் தேய்ந்து, பிளக் கேப் அகன்று, பேட்டரியும் இறங்கி, வண்டி முழு லோடில் மேடு ஏறும் நேரத்தில் அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும். அப்போது மிஸ்ஸிங் வரும். காலையில் ஸ்டார்ட் ஆக மல்லுக்கட்டும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாகப் போகும். ஓனர் கார்புரேட்டரைத் திட்டுவார்!

எஸ்.டபிள்யூ., சி.பி. என்ற எழுத்துகள்

பழைய லூகாஸ் காயில்களில் ஒரு முனையில் எஸ்.டபிள்யூ. என்றும் மறுமுனையில் சி.பி. என்றும் இருக்கும். எஸ்.டபிள்யூ. என்றால் சுவிட்ச், இக்னீஷன் சுவிட்சிலிருந்து வரும் வயர் அதில். சி.பி. என்றால் கான்டாக்ட் பிரேக்கர், அதாவது பாயிண்ட். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயர் அதில். பிற்காலக் காயில்களில் எழுத்துக்குப் பதில் பிளஸ், மைனஸ் குறிகள் வந்தன.

எழுதியபடி மாட்டினால் முடிந்தது என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனையைத்தான் பாடியில் எர்த் செய்திருந்தார்கள். அம்பாசிடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரீஸ் காரும் அப்படித்தான். 1960களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கம்பெனிகள் மைனஸ் எர்த்துக்கு மாறின. நம்மூரில் ஓடிய ஃபியட் 1100 இத்தாலிய வழி வந்தது. அது மைனஸ் எர்த். எஸ்.டபிள்யூ., சி.பி. என்று எழுதிய அந்தக் காயில்கள் பிளஸ் எர்த் வண்டிக்காகச் செய்தவை. அவற்றில் எஸ்.டபிள்யூ. முனை மைனஸுக்குச் சமம், சி.பி. முனை பிளஸுக்குச் சமம்.

ஆகவே வண்டியின் எர்த்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்ப்பது பாதி வேலைதான். நாலு நிலைகளையும் கீழே தருகிறேன். நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. மைனஸ் எர்த் வண்டி, பிளஸ் - மைனஸ் குறியுள்ள காயில்: சுவிட்ச் வயர் பிளஸில், டிஸ்ட்ரிபியூட்டர் வயர் மைனஸில்.

2. பிளஸ் எர்த் வண்டி, பிளஸ் - மைனஸ் குறியுள்ள காயில்: சுவிட்ச் வயர் மைனஸில், டிஸ்ட்ரிபியூட்டர் வயர் பிளஸில்.

3. பிளஸ் எர்த் வண்டி, எஸ்.டபிள்யூ. - சி.பி. காயில்: எழுதியிருக்கிறபடியே மாட்டலாம்.

4. மைனஸ் எர்த்துக்கு மாற்றிய வண்டி, பழைய எஸ்.டபிள்யூ. - சி.பி. காயில்: எழுத்துக்கு நேர்மாறாக மாட்ட வேண்டும். சுவிட்ச் வயர் சி.பி.யில், டிஸ்ட்ரிபியூட்டர் வயர் எஸ்.டபிள்யூ.வில்.

இத்தனையும் ஞாபகம் இருக்காது என்பவர்களுக்கு ஒரே வரி: பேட்டரியின் எந்தக் குறி பாடியில் எர்த் ஆகியிருக்கிறதோ, காயிலின் அதே குறி டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். முதல் இரண்டு நிலைகளுக்கும் இதைப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். எஸ்.டபிள்யூ. என்பதை மைனஸ், சி.பி. என்பதை பிளஸ் என்று வைத்துக்கொண்டால் மற்ற இரண்டுக்கும் சரியாக வரும்.

ஒர்க்‌ஷாப்பில் பார்த்தது

கோடை விடுமுறையில் நான் வேலை பழகப் போன ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு 1960களின் பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று வந்தது. ஓனர் வயதானவர். அவருடைய அப்பா வாங்கிய வண்டி. சமதளத்தில் ஓடுகிறது, குமுளி மலை ஏறும்போது இருமி இருமி நிற்கிறது. வேறு இடங்களில் காட்டி இரண்டு காயில், கண்டென்சர், பிளக் செட் எல்லாம் மாற்றியாகிவிட்டது. கார்புரேட்டரும் இறக்கிக் கழுவியாகிவிட்டது. "இதுக்கும் மேல செலவு பண்ண முடியாது. சரியாகலேன்னா காயலான் கடைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி கம்ப்ரஷன் பார்த்தார், சரியாக இருந்தது. டைமிங்கும் சரி. பிளக்கைக் கழற்றிக் கையில் கொடுத்தார். நாலு பிளக்கிலும் ஓரமுனையின் உள்பக்கம் கிண்ணம்போலக் குழிந்திருந்தது. பொறியின் திசை மாறியிருந்தால் ஓரமுனை இப்படிக் குழியும் என்று படித்திருந்தேன்.

"அண்ணாச்சி, இதுல எது எர்த் ஆகியிருக்கு?"

"மைனஸ்தான் தம்பி. மொதல்ல பிளஸ் எர்த்தா இருந்துச்சாம். ரேடியோ மாட்டும்போது மாத்தியிருக்காங்க."

"அப்ப காயில் வயரையும் மாத்தினாங்களா?"

"அத எதுக்கு மாத்தணும்? எஸ்.டபிள்யூ.ன்னா சுவிட்ச்சு, சி.பி.ன்னா பாயிண்ட்டு. அதுலயே எழுதியிருக்கு. வண்டியும் ஓடத்தான செய்யுது, பெறகென்ன?"

புதிதாக மாற்றிய காயில்கூட, பழைய மாடலே வேண்டும் என்று தேடி வாங்கிய எஸ்.டபிள்யூ. - சி.பி. காயில்தான். வண்டி நாலாவது நிலை. வயர் மூன்றாவது நிலை! பென்சில் டெஸ்ட் போட்டுக் காட்டினேன் (அதைக் கீழே விளக்குகிறேன்). அண்ணாச்சி குனிந்து இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை அவரே பென்சிலை வாங்கிப் போட்டுப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஸ்பேனரை எடுத்து, வயரை மாற்றி மாட்டினார்.

பழைய பிளக்கோடேயே ஓட்டிப் பார்த்தோம். லோடு கொடுக்கும்போது வந்த இருமல் நன்றாகக் குறைந்திருந்தது. பிறகு புது பிளக் மாட்டி, பாயிண்ட் கேப் வைத்ததும் மிஸ்ஸிங் நின்றுவிட்டது. பத்து நாள் கழித்து ஓனர் குமுளி போய் வந்து சொன்னார்: நடுவில் ஒருமுறைகூட நிற்கவில்லையாம். வண்டி காயலான் கடைக்குப் போகவில்லை.

அண்ணாச்சி சொன்ன ஒரு வார்த்தையை இங்கே எழுதியே ஆக வேண்டும். "எழுத்து சரியாத்தான் இருந்துச்சு தம்பி, வண்டிதான் மாறிப்போச்சு." நான் மூன்று பக்கத்தில் எழுதுவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்! அதே அண்ணாச்சி என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே டைமிங்கை அரை டிகிரி நகர்த்துவார். அது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காது.

செய்முறை: படிப்படியாக

1. முதலில் பேட்டரியைப் பாருங்கள். பாடியிலோ என்ஜினிலோ நேராகப் போல்ட் போட்டிருக்கிற கேபிள் எந்த முனையிலிருந்து வருகிறது? அதுதான் எர்த். கேபிளின் நிறத்தை நம்பாதீர்கள். பேட்டரியின் மேல் உள்ள குறியைத் துடைத்துப் பாருங்கள்.

2. எர்த் கேபிளைக் கழற்றிவிட்டுப் பிறகுதான் காயிலில் கை வையுங்கள். இந்தப் பழைய வண்டிகளில் இக்னீஷன் வயருக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. சுவிட்ச் வயர் பாடியில் பட்டால் வயரிங் முழுவதும் எரிந்துவிடும்.

3. காயிலின் இரண்டு சின்ன வயர்களையும் கழற்றுங்கள். லூகாஸ் முறைப்படி சுவிட்ச் வயர் வெள்ளை. டிஸ்ட்ரிபியூட்டர் வயர் வெள்ளையில் கறுப்புக் கோடு. ஆனால் ஐம்பது வருஷத்தில் வெள்ளை காவியாகியிருக்கும்; நடுவில் யாராவது வேறு வயரும் போட்டிருப்பார்கள். எனவே டெஸ்ட் செய்துதான் முடிவெடுக்க வேண்டும்.

4. வயர் நுனிகள் எதிலும் படாமல் ஒதுக்கி வைத்து, எர்த் கேபிளை மாட்டி, சாவியைத் திருப்புங்கள். டெஸ்ட் லேம்பின் ஒரு நுனி பாடியில், மறுநுனி வயரில். எந்த வயரில் பல்ப் எரிகிறதோ அது சுவிட்ச் வயர். சாவியை அணைத்தால் பல்பும் அணைய வேண்டும்.

5. மீண்டும் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். மற்ற வயருக்கும் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது தொடர்ச்சி இருக்கும். என்ஜினைக் கையால் சுற்றிப் பாயிண்ட் திறந்ததும் தொடர்ச்சி போய்விடும். அதுதான் டிஸ்ட்ரிபியூட்டர் வயர்.

6. மேலே சொன்ன ஒரே வரி விதிப்படி மாட்டுங்கள். முனைகளைச் சுத்தம் செய்து, நட்டை அளவாக இறுக்குங்கள். நடுவில் உள்ள பெரிய முனையில் ஹை டென்ஷன் வயர் முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

7. கடைசியாகப் பென்சில் டெஸ்ட். ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, நன்றாக இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் பிளக் தலைக்குச் சற்று எட்டப் பிடியுங்கள். அந்த இடைவெளியில் ஒரு மரப் பென்சிலின் கூர்முனையை நீட்டுங்கள். என்ஜின் ஓடும்போது பென்சிலுக்கும் பிளக்குக்கும் நடுவே பொறி பூப்போல விரிந்தால் திசை சரி. பென்சிலுக்கும் வயருக்கும் நடுவே விரிந்தால் காயில் வயர் மாறியிருக்கிறது.

பிளஸ் எர்த்தை மைனஸ் எர்த்தாக மாற்றுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வேலை உண்டு. டைனமோவை மறுபடியும் போலரைஸ் செய்ய வேண்டும். அம்மீட்டர் வயர்களை இடம் மாற்ற வேண்டும். காயில் உட்பட இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் வேலை அரைகுறைதான்.

ஓம் கணக்கையும் பாருங்கள்

திசை சரியாக இருந்தாலும் காயில் தவறானதாக இருக்கலாம். நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் காயிலின் முதன்மைச் சுருள் சுமார் 3 ஓம். பேலஸ்ட் ரெசிஸ்டர் சேர்த்து ஓட்ட வேண்டிய காயில் சுமார் 1.5 ஓம். ஓம் விதியைப் போடுங்கள்: 12ஐ 3ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். 12ஐ 1.5ஆல் வகுத்தால் 8 ஆம்பியர்! ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலை மாட்டினால் பாயிண்ட் கருகும், காயில் கொதிக்கும். கடையில் வாங்கும்போதே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பாதுகாப்பு: இது நம்ம ஊருக்குக் கட்டாயம்

• ஹை டென்ஷன் வயரை வெறுங்கையால் பிடித்து 'கரண்ட் வருதா' என்று பார்க்கும் வீரம் வேண்டாம். அடி பலமாக இருக்கும். திடுக்கிட்டுக் கையை இழுக்கும்போது ஓடும் ஃபேனில் மாட்டும்.

• பெட்ரோல் வாடை அடிக்கிற வண்டியில் பொறி டெஸ்ட் செய்யவே கூடாது. முதலில் கசிவை நிறுத்துங்கள். பானெட்டைத் திறந்து காற்றாட விடுங்கள்.

• என்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலில் இடைவிடாமல் கரண்ட் ஓடிச் சூடேறும். எண்ணெய் நிரம்பிய காயில் வெடிக்கவும் கூடும்.

• பட்டாசு ஏற்றிய வண்டியிலோ, பட்டாசு குடோன், தீப்பெட்டி ஆபீஸ் வளாகத்திலோ மேலே சொன்ன எந்தப் பொறி டெஸ்ட்டும் கூடாது. வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வெளியே தூரமாகக் கொண்டுவந்துவிட்டுத்தான் பானெட்டைத் திறக்க வேண்டும். 'ஒரு நிமிஷ வேலைதானே' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முடிவாக

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர். "படிச்சு என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று உறவுக்காரர்கள் கேட்கும்போது, முதல் வருஷம் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என்னைப்போல உங்களில் பலரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. வயரை மாட்டத் தெரிந்தவர்கள் நமக்கு முன்னாலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள்; நம்மைவிட வேகமாகவும் மாட்டுவார்கள். எதற்காக அந்த வயர் அந்த முனைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நம்மைக் காலேஜுக்கு அனுப்பியிருக்கிறார்கள். காரணம் தெரிந்தவன், பார்த்தேயிராத வண்டி வந்தாலும் பேட்டரியிலிருந்து தொடங்கி வழி கண்டுபிடித்துவிடுவான்.

'ஓடுது, விடு' என்ற பேச்சு ஒர்க்‌ஷாப்பில் மட்டும் இல்லை. மருந்து கலக்கிற இடத்திலும், வயரிங் செய்கிற இடத்திலும், பாய்லர் பக்கத்திலும் கேட்கிறது. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. நண்பர்களே, டிப்ளமோ முடித்து நாளை நாம் எந்த வேலையில் நின்றாலும், மாட்டும் முன் எது எர்த் என்று ஒருமுறை பார்ப்போம். பெரியவர்களின் கைப்பழக்கத்தையும் கற்போம். புத்தகத்தின் காரணத்தையும் கற்போம். பொறி பறக்கட்டும், பறக்க வேண்டிய இடத்தில் மட்டும்!

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் பிரிவு